கழுத்து முதலிலா, வளைவு முதலிலா

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கிதாரின் கழுத்தை முதலில் முடிவு செய்வதா, மேல்பலகையின் வளைவை முதலில் முடிவு செய்வதா? எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாகச் செயல்முறை ஆய்வு கற்பிக்கிறேன். எந்த வேலையையும் படிகளாகப் பிரித்து, எதற்கு முன் எது என்று அம்புக்குறி போட்டு வலைப்படம் வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வருடாவருடம் கரும்பலகை முன் நின்று சொல்கிறேன். போன வருடம் ஒரு மாணவி எழுந்து, இப்படிப் படம் போட்டு நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டாள். செய்ததில்லை. அதனால்தான் இந்தக் கிதார். வேறு காரணம் இல்லை.

நான் செய்யும் ஆர்ச்டாப் என்பது கடையில் தொங்கும் சாதாரணக் கிதார் அல்ல. அதன் மேல்பலகை தட்டையாக இருக்காது. வயலினைப் போல நடுவில் மேடிட்டிருக்கும். தடித்த பலகையிலிருந்து அந்த மேட்டைச் செதுக்கி எடுக்க வேண்டும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேட்டின் மீது உட்காரும். மேடு உயர்ந்தால் பிரிட்ஜும் உயரும். பிரிட்ஜ் உயர்ந்தால் கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். கழுத்து எவ்வளவு சாயலாம் என்பதை, அது உடலோடு சேரும் தோள்பகுதி தீர்மானிக்கும். தோள்பகுதி எவ்வளவு இருக்கலாம் என்பது மேட்டைப் பொறுத்தது. என் அம்புக்குறிகள் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டன. வலைப்படத்தில் வட்டம் கூடாது. முதல் பாடத்திலேயே அதைச் சொல்லிவிடுவேன்.

கார் ஷெட்டில் இப்போது கார் இல்லை, பலகைகள் இருக்கின்றன. மேலே ஸ்ப்ரூஸ், கீழேயும் பக்கங்களுக்கும் மகோகனி. இறக்கி அடுக்க டாக்டர் ஞானதுரை வந்தார். அம்மாவின் பல்செட்டுக்காக அவருடைய கிளினிக்குக்கு நடையாய் நடந்ததில் பழக்கம். நாசரேத்துக்காரர். திருச்சிக்கு வந்து முப்பது வருடம் இருக்கும். மனைவி இல்லை, இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிப்பார். இடக்கைக்காரர். வலக்கைக் கிதாரைத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசிக்கிறார். கழுத்தின் கடைசிவரை விரல் எட்டுவதற்காக உடலில் ஒரு பக்கம் குடைந்திருப்பார்கள். அவர் பிடிக்கும்போது அந்தக் குடைவு மேல்பக்கம் போய் யாருக்கும் பயனில்லாமல் நிற்கிறது. கிளினிக்கில் இருக்கும் நாற்காலியும் வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. உடம்பை முறுக்கிக்கொண்டு நின்றே இத்தனை வருடம் பல் பிடுங்கியிருக்கிறார்.

ஸ்ப்ரூஸ் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, மகள் பெனிட்டா கூப்பிடுவதைச் சொன்னார். கிளினிக்கை விற்றுவிட்டு ஒரேயடியாகக் கனடாவுக்கு வந்துவிடும்படி கேட்கிறாளாம். பொங்கலுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

"இருங்கன்னு சொல்லுததுக்கு இங்கன ஒரு ஆள் இருந்தா யோசிப்பேன் மேடம்" என்றார், பலகையைப் பார்த்தபடி.

இந்த மரத்துக்குப் போடும் பசை காய ஒரு முழு நாள் ஆகும் என்று நான் சொன்னேன்.

அவர் கேட்டது அதுவல்ல என்று அம்மா இரவு சாப்பாட்டின்போது சொன்னாள். ஷெட்டில் பேசுவது சமையலறையில் கேட்கிறது. நடுவில் இருக்கும் ஜன்னலை அடைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12

மும்பைக் கடைக்கு போன் செய்து பிரிட்ஜ், தந்தி முறுக்கும் சாவிகள், தந்திகளின் அடியைப் பிடிக்கும் வால்தகடு எல்லாம் அனுப்பச் சொன்னேன். நான் கேட்ட வகைப் பிரிட்ஜ் கையிருப்பில் இல்லையாம். அதிகம் விற்பதில்லை, வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும், சாதாரண வகை என்றால் நாளைக்கே அனுப்புகிறோம் என்றான். காத்திருக்கிறேன் என்றேன்.

அம்மாவுக்குப் பல்செட் கீழே உறுத்துகிறது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வெள்ளிக்கிழமை என் வலைப்படத்தை வகுப்பில் காட்டினேன். வட்டம் வந்தால் என்ன செய்வது என்று முதல் பெஞ்சில் கேட்டார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நானும் மாணவியாக இருந்திருக்கிறேன்.

இன்று டாக்டர் அம்மாவின் பல்செட்டைத் தேய்த்துச் சரிசெய்ய வீட்டுக்கே வந்தார். அப்படியே ஷெட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தார். விரலால் அம்புக்குறிகளைத் தொடர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பல்செட்டும் இதே கததான் மேடம். மேல்பல்லு எங்க நிக்கணும்னு கீழ்ப்பல்லு சொல்லணும். கீழ்ப்பல்லு எங்க நிக்கணும்னு மேல்பல்லு சொல்லணும். யோசிச்சிட்டே இருந்தா ஆளு பட்டினிதான். நாங்க பல்ல மொதல்ல மெழுகுல நட்டு வச்சு கடிக்கச் சொல்லுவோம். சரியா வந்த பொறவுதான் கெட்டியாக்குவோம்."

ஆக, பசை இல்லாமல் எல்லாவற்றையும் கிளாம்ப் போட்டு ஒருமுறை சேர்த்துப் பார்ப்பது. கழிவுக் கட்டையில் ஒரு பொய்ப் பிரிட்ஜ் செய்து மேட்டின் மேல் வைத்து, கழுத்துக்கு நேராக ஒரு கோல் பிடித்து உயரம் பார்ப்பது. இது தீர்வு அல்ல, பின்னால் மாற்றிக்கொள்ளும் உரிமையுடன் செய்யும் ஊகம் என்று சொன்னேன். ஊகமென்றாலும் சாப்பிட முடிகிறதே என்றார். உள்ளேயிருந்து அம்மா, தனக்கு இன்னும் முடியவில்லை என்று குரல் கொடுத்தாள்.

படத்தில் புதிய படியைச் சேர்த்தேன். வட்டம் திறந்துகொண்டது. திறந்த விதம் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

இன்று ஒரு தவறு.

உடலின் வடிவத்தை வெட்டிய மாதிரி அட்டையைப் பலகையின் உட்புறத்தில் வைத்து வரைய வேண்டும். நான் வெளிப்புறத்தில் வைத்து வரைந்துவிட்டேன். வாள் போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது: குடைவு எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. கீழ்ப்பலகையையும் அதற்குப் பொருந்த அப்படியே வெட்ட வேண்டியதாயிற்று. பக்கங்களை வளைக்கும் அச்சைத் திருப்பிப் போட்டால் போதும், ஆகையால் பெரிய நஷ்டம் இல்லை. ஸ்ப்ரூஸ் வேறு கிடைக்காது. இப்படியே தொடர வேண்டியதுதான்.

டாக்டர் சர்ச்சிலிருந்து நேரே வந்தார். பலகையைக் கையில் எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். குடைவு சரியாக அவர் விரல் வர வேண்டிய இடத்தில் இருந்தது.

"இது இடக்கையால்லா வந்திருக்கு" என்றார்.

அட்டை மாறிவிட்டது என்று விளக்கினேன். உட்புறம், வெளிப்புறம் என்று படம் போட்டும் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே விளக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் போன பிறகு அம்மா, "இட்லி மாவுக்குத் தண்ணிய அளந்து ஊத்துறவ நீ. அட்டையத் திருப்பி வச்சிட்டியா?" என்றாள். வயதானவர்களுக்கு எல்லாவற்றிலும் கதை வேண்டும்.

செப்டம்பர் 7

தவறுதான்.

செப்டம்பர் 27, ஞாயிறு

மேல்பலகையின் வெளிவளைவு முடிந்தது. இப்போது உள்ளே குடைகிறோம். நடுவில் கொஞ்சம் தடிப்பு, ஓரங்களில் மெலிவு. நான் அளவுகோலை வைத்து அளந்து பென்சிலால் எழுதுகிறேன். டாக்டர் விரலால் தடவிப் பார்த்து, இங்கே இன்னும் இருக்கிறது என்கிறார். பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடங்களில் இருவரில் ஒருவர் தவறு. இதுவரை ஐந்தில் மூன்று முறை அவர்தான் சரி. நான் அவரிடம் சொல்லவில்லை.

பிரிட்ஜ் இன்னும் வரவில்லை. மாதக் கணக்கில் இழுக்கிறார்கள், ஆகஸ்டிலேயே சொன்னது என்று அவரிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன். புலம்புவது என் வழக்கமில்லை. மரத்தூள் மூக்கில் ஏறினால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் போல.

மதியம் இங்கேயே சாப்பிட்டார். அம்மா வத்தக்குழம்பு வைத்திருந்தாள். மூன்று முறை போட்டுக்கொண்டார். நாசரேத்தில் இப்படி வைப்பதில்லையாம். அம்மா எனக்கு அப்பளம் வைக்க மறந்துவிட்டாள்.

அக்டோபர் 4

பிரிட்ஜ் வந்தது. பிரித்துப் பார்த்தேன், கேட்டது போலவே இருக்கிறது. பொட்டலத்தை மறுபடி ஒட்டி அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தேன். தூசி படக்கூடாது.

அக்டோபர் 18, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. படத்தில் மழைக்கு நான் இடம் விடவில்லை.

பக்கங்களைச் சூடான குழாயில் வளைத்து அச்சில் போட்டாயிற்று. ஒன்று விரிந்தது, மறுபடி செய்தேன். மேல்பலகைக்கு உள்ளே அதைத் தாங்க இரண்டு கம்பைகள் ஒட்டி, ஒலி வெளிவர இரு பக்கமும் நீள்துளைகள் வெட்டிவிட்டேன். இனி மேலும் கீழும் ஒட்டிப் பெட்டியை மூட வேண்டும். ஆனால் ஷெட்டில் ஈரப்பதம் எண்பதைத் தாண்டுகிறது. மரம் நீரைக் குடித்துப் பருத்திருக்கும்போது மூடினால் சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். தை மாதம்வரை காத்திருப்பதே முறை.

தை மாதம் என்றால் பொங்கலுக்குப் பிறகு.

டாக்டரிடம் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். அவரும் சரி என்றார். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம். இளம் டாக்டர் ஒருவர் கிளினிக்கைப் பார்க்க வந்துவிட்டுப் போனாராம், பிடித்திருக்கிறதாம். நல்லது என்றேன்.

இரவு படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். வறண்ட காற்று வேண்டும், அவ்வளவுதான். அது தை மாதத்தில்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது? ஒன்பதரைக்கு டாக்டருக்கு போன் செய்தேன். அந்த நேரத்தில் நான் யாருக்கும் போன் செய்வதில்லை. உங்கள் கிளினிக்கில் ஏசி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டேன்.

நவம்பர் 1, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

பலகைகளை ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. இன்று காலை ஈரப்பத அளவி நாற்பத்தெட்டு காட்டியது. மேசை எதுவும் போதவில்லை. கடைசியில் பல் நாற்காலியைப் படுக்கவைத்து அதன் மேல் அச்சை வைத்தோம். தலைக்கு மேல் அந்தப் பெரிய விளக்கு. இலவங்க எண்ணெய் வாசனை. டாக்டர் பழக்கதோஷத்தில் கையுறை போட்டுக்கொண்டார், எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்.

முதலில் மேல்பலகை, கடைசியில் கீழ்ப்பலகை. இந்த வரிசையில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை: கீழே திறந்திருக்கும்வரை உள்ளே கைவிட்டுக் கம்பைகளைச் சீவலாம். மேல்பலகையை நேற்றே ஒட்டியாயிற்று. இன்று காலை தட்டித் தட்டிக் கேட்டு, கம்பைகளை இன்னும் கொஞ்சம் சீவினோம். டாக்டர் போதும் என்றார். நான் இன்னும் கொஞ்சம் என்றேன். இப்படியே அரைமணி போனது.

"மூடிருவோமா மேடம்?"

ஒரு நிமிஷம் என்று சொல்லி மறுபடி சரிபார்த்தேன். அவர் பசையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி கேட்டார். இன்னொரு முறை பார்க்கிறேன் என்றேன்.

"நீங்க பாத்துட்டீங்க. நாலு தடவ பாத்துட்டீங்க. மூடினா திறக்க முடியாதுன்னுதான யோசிக்கீங்க" என்றார். குரலில் கேலி இல்லை.

மூடினோம். பசை போட்ட பிறகு நிற்க நேரமில்லை. வெளியே பிதுங்கும் பசையைத் துடைத்துக்கொண்டே கிளாம்ப் மேல் கிளாம்பாக முறுக்கிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. நாற்காலியில் முப்பது கிளாம்போடு படுத்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உக்காருங்க, இந்தப் பேஷண்ட் முடியட்டும்" என்றார் டாக்டர்.

அந்த மனிதர் உட்காரவில்லை. வலி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். வெகுநாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தேன் என்று டாக்டர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும், எத்தனை நாள் கழித்து என்று.

பிறகு பல்லைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நீள்துளை வழியாக விட்டு உள்ளே பார்த்தோம். மூட்டுகள் எல்லாம் சுத்தம். "சொத்தை இல்ல" என்றார்.

நவம்பர் 8, தீபாவளி

கிளாம்புகளை எடுத்துப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தட்டினால் தம் என்றது. நல்லதா தெரியவில்லை. அம்மா அதிரசத் தட்டோடு வந்து, ஒரு பெட்டியிடம் இரண்டு பேரும் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள்.

டிசம்பர் 13, ஞாயிறு

கழுத்து நின்றுவிட்டது. பசை இல்லாமல் செருகி, பொய்ப் பிரிட்ஜை வைத்து, கோலைப் பிடித்துப் பார்த்து, எடுத்து, அரைத் தாள் தடிப்புக்குச் சீவி, மறுபடி செருகி, நாள் முழுக்க இதுதான். மாலையில் கோலின் நுனி பிரிட்ஜின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இரண்டு பேரும் குனிந்து ஒரே பக்கத்திலிருந்து பார்த்தோம். அவருடைய சட்டையில் மகோகனித் தூள். தட்டிவிட்டேன். பிறகு என் புடவையையும் தட்டிக்கொண்டேன், எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டுவது போல.

நாளை வகுப்பில் வட்டத்துக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

டிசம்பர் 26

நேற்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். பெனிட்டா வீடியோவில் வந்தாள். அங்கே ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. அப்பாவோட கிதார் எப்படி வந்திருக்கு ஆன்ட்டி என்று கேட்டாள். அது என்னுடைய கிதார் என்று திருத்தினேன். ஓ என்றாள். அவளுக்கு அப்பாவின் சிரிப்பு.

பொங்கலன்று முடிவு சொல்கிறேன் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். கிளினிக்கைக் கேட்கும் இளம் டாக்டரிடமும் அதையே சொல்லியிருக்கிறாராம். என் பக்கம் பார்க்கவில்லை. கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் ஆட்டோவில் அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மா பேசாமல் வருவது நல்லதல்ல. வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவரு மத்த நாள்ல நம்ம வீட்டு இட்லி சாப்பிட்டா சாமி கோவிச்சுக்குமா?" என்றாள். யார் சாமி, எந்தச் சாமி என்று கேட்டேன். எந்தச் சாமியா இருந்தாலும் என்றாள்.

ஜனவரி 14, போகி

மெருகு காய்ந்துவிட்டது. தேன் நிறம். மகோகனியின் ரேகைகள் நன்றாகத் தெரிகின்றன.

நாளைக்கான வரிசை. டாக்டர் பத்து மணிக்கு வருகிறார். அதற்கு முன்னால் வால்தகட்டைப் பொருத்தி, பிரிட்ஜையும் நானே அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு அவர் தந்தி கட்டுவார். சுருதி சேர்ப்பார். வாசிப்பார். அதன் பிறகு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைசிப் படியை எங்கே வைப்பது என்றுதான் இன்று முழுக்கப் படம் போட்டேன். வாசிப்பதற்கு முன் என்றால், மறுத்துவிட்டு எப்படி வாசிப்பது என்று அவர் சங்கடப்பட்டுத் தலையாட்டிவிடலாம். பிறகு என்றால், தகரம் போல ஒலித்தால் இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டார் என்றும், நன்றாக ஒலித்தால் அதற்காகத்தான் ஒப்புக்கொண்டார் என்றும் எனக்குத் தோன்றும். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் அம்மா இருப்பாள். எல்லாவற்றுக்கும் கடைசியில், அவர் செருப்பு மாட்டும்போது என்று வைத்திருக்கிறேன். அதில் ஒரு வசதி, தள்ளிப்போடவும் வழி உண்டு.

ஜனவரி 15, பொங்கல்

நடந்தது இது.

எட்டரை மணிக்கே கரும்போடு வந்து நின்றார். நான் ஷெட்டில் பிரிட்ஜைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மறைக்க நேரமில்லை. அவரும் பார்க்கவில்லை, தந்திகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இந்த வகைக் கிதாரில் பிரிட்ஜை ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். தந்திகள் இறுகும்வரை யாராவது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், விட்டால் நழுவி மெருகைக் கீறிவிடும். நான் பிடித்துக்கொண்டேன். அவர் முறுக்கினார். முதல் தந்தி, இரண்டாவது தந்தி. பிறகு நிறுத்திக் குனிந்தார். முப்பது வருடம் மில்லிமீட்டரில் பார்த்த கண்.

"மேடம், இந்தப் பிரிட்ஜுல தந்தி உக்காருத படி இடக்கைக்குல்லா வெட்டியிருக்கு."

ஆமாம் என்றேன்.

"இத நீங்க ஆகஸ்ட்லயே கடையில சொன்னீங்க. செப்டம்பர் பூரா வரல வரலன்னு பொலம்பிட்டிருந்தீங்க."

பிரிட்ஜை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"அட்டைய மாத்தி வச்சது செப்டம்பர்ல. எதுக்கு முன்னால எதுன்னு நீங்கதான பாடம் எடுக்கீங்க. நீங்களே சொல்லுங்க, இதுல எது முன்னால?"

கைகளை எடுக்க முடியாது. எழுந்து போக முடியாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"நீங்க போக வேண்டாம். இங்கயே இருங்க" என்றேன். பிறகு, "பிரிட்ஜ் நகருது, மூணாவதக் கட்டுங்க" என்றேன்.

மூன்றாவதைத் தப்பான பக்கம் சுற்றிவிட்டார். அவிழ்த்து மறுபடி சுற்றினார். மறுபடியும் தப்பாகச் சுற்றினார். நான் பிரிட்ஜைப் பிடித்தபடி அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, மங்கை" என்றார். அது என் பெயர். அம்மாவைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

அம்மா ஜன்னலில் தெரிந்தாள். "என்னடி சொன்ன? சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

எல்லாம் கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன். பானை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டதாக அதன் பிறகுதான் தெரிவித்தாள். யாரும் பார்க்காமலே பொங்கியிருக்கிறது.

பதினோரு மணிக்கு ஆறு தந்திகளும் ஏறிவிட்டன. வாசித்தார். குடைவில் விரல் தடையில்லாமல் போனது. முழங்கை எதிலும் இடிக்கவில்லை. தகரம் போல ஒலிக்கவில்லை; கனமான, மூடிய அறையில் பேசுவது போன்ற குரல். எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு யாராவது கேட்டுச் சொன்னால் நம்புவேன்.

பெனிட்டாவுக்கு போன் செய்தார். இங்கேயே இருக்கப் போகிறேன் என்று சொன்னார். ஆன்ட்டியிடம் கொடுங்கள் என்றாளாம். வாங்கினேன். "அப்ப அது யாரோட கிதார் ஆன்ட்டி?" என்றாள். உன் அப்பாவுடையது என்றேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, கிளினிக்கில் நாற்காலியை மாற்றினால் என்ன என்று கேட்டார். இடக்கைக்கானது கிடைக்கிறதாம், தருவிக்க வேண்டுமாம்.

நான்காவது தந்தி கழுத்தின் ஏழாவது உலோகக் கட்டையில் லேசாக அதிர்கிறது. அந்தக் கட்டையை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அவசரமில்லை.